சேப்பாக்கத்தில் ஒரு போலந்துப் பேராசிரியர்

அனைத்துலகச் சட்டம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஹேக் நகரமும் ஜெனீவாவுமே. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழ்வோருக்கு அதில் என்ன பங்கு என்று கேட்பவர் உண்டு. இந்தக் கடற்கரைக்கும் அதில் பங்குண்டு என்னும் முடிவுக்குச் சான்றுகளைத் திரட்டித் தந்தவர் ஒரு போலந்துக்காரர். அப்பணியை அவர் மேற்கொண்ட இடம் நம் சென்னைப் பல்கலைக்கழகம்.

சார்ல்ஸ் ஹென்றி அலெக்சாந்த்ரோவிச் 1902இல், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் லெம்பெர்க் நகரில் பிறந்தார். அவ்வூர் பின்னர் போலந்தைச் சேர்ந்தது. இன்று உக்ரைன் நாட்டின் லிவிவ் நகரம். ஊர் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் நாடு மட்டும் மாறிக்கொண்டிருப்பதைக் கண்ட ஒருவர், அரசுகளின் இறைமை எங்கிருந்து வருகிறது, எப்படி மறைகிறது என்று ஆராயத் தலைப்பட்டதில் வியப்பில்லை. போருக்குப் பின் இலண்டனில் வாழ்ந்த அவர், 1951இல் சென்னைக்கு வந்து பத்தாண்டுகள் பணியாற்றினார். பல்கலைக்கழகத்தில் அனைத்துலகச் சட்டத்திற்கும் அரசியலமைப்புச் சட்டத்திற்கும் உரிய துறையை உருவாக்கினார். 1952 முதல் அனைத்துலக விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு மலரை வெளிக்கொணர்ந்தார்.

ஐரோப்பாவில் முளைத்த சட்டத்தை ஆசியா பிற்காலத்தில் இரவல் பெற்றது என்பதே அன்றைய பாடநூல்களின் துணிபு. அலெக்சாந்த்ரோவிச் பழைய ஒப்பந்தத் தொகுதிகளைப் புரட்டினார். அங்கே ஐரோப்பியர் கீழைநாட்டு மன்னர்களைத் தமக்கு நிகரான அரசர்களாகவே மதித்து உடன்படிக்கை செய்திருந்தனர். அந்த மதிப்பை மறுத்து, நாடுகளின் குடும்பத்திலிருந்து ஆசியரை வெளியேற்றியது 19ஆம் நூற்றாண்டின் சட்டக் கொள்கை என்பது அவர் முடிவு.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. எண்ணூருக்கு வடக்கே, அதே கரையில் பழவேற்காடு இருக்கிறது. 1609இல் டச்சு அறிஞர் குரோசியுஸ், கடல் எவருக்கும் தனியுடைமை ஆகாது என்று தம் நூலில் வாதிட்டார். மறு ஆண்டே அவருடைய நாட்டு வணிகர் விஜயநகர வேந்தர் வேங்கடபதி ராயரிடம் பழவேற்காட்டில் வாணிக உரிமை பெற்றனர். போர்த்துகீசியருக்கு அங்கே இடமில்லை என்பது ஒரு நிபந்தனை! 1612இல் மயிலாப்பூர்ப் போர்த்துகீசியர் படையெடுத்து வந்து டச்சுப் பண்டகசாலையை அழித்தனர். 1613இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. கொள்கை வேறு, கோட்டை வேறு.

குரோசியுஸுக்கு மறுப்பு எழுதியவர் போர்த்துகீசியத் துறவி செராஃபிம் தெ ஃப்ரெயித்தாஸ். அவர் நூல் 1625இல் வெளிவந்தது. திருத்தந்தை ஆறாம் அலெக்சாந்தர் 1493இல் வழங்கிய உரிமையைக் குரோசியுஸ் ஏற்கவில்லை. ஃப்ரெயித்தாஸ் தம் நாட்டின் பக்கம் நின்றார். ஆனால் திருத்தந்தை உலகனைத்துக்கும் இலௌகிகத் தலைவர் அல்லர் என்று தொமினிக்கன் துறவி வித்தோரியா 1539இலேயே கற்பித்திருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. இவ்விருவர் வாதத்தையும் அலெக்சாந்த்ரோவிச் 1959இல் ஒரு கட்டுரையில் அருகருகே வைத்தார். கீழைநாட்டு மன்னர்கள் உண்மையான அரசர்களே என்பதில் எதிரிகள் இருவரும் உடன்பட்டனர் என்று அவர் காட்டியதே எனக்கு மிகவும் சுவையாகப்படுகிறது.

இது வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று. தாத்ரா, நகர் அவேலிக்குச் செல்லும் வழியுரிமை கோரிப் போர்த்துகல் 1955இல் உலக நீதிமன்றத்தில் இந்தியாமீது வழக்குத் தொடுத்தது. மராட்டியர் 1779இல் செய்த ஒப்பந்தம் செல்லாது என்றது இந்தியா. அக்கால இந்தியச் சூழலில் எழுந்த உடன்படிக்கையைப் பிற்கால வழக்கங்களால் அளக்கலாகாது என்று நீதிமன்றம் 1960இல் கூறிற்று. நம் முன்னோரின் உடன்படிக்கைக்குக் கிடைத்த மதிப்பு, நம் வழக்கறிஞர்களுக்கே இடையூறாயிற்று! ஆயினும் படைகளுக்கு வழியுரிமை இல்லை என்றும், இந்தியா தன் கடமையை மீறவில்லை என்றும் தீர்ப்பாயிற்று.

1961இல் அவர் சிட்னி சென்றார். சென்னையில் தொடங்கிய ஆய்வு 1967இல் நூலாக வந்தது. விடுதலை பெற்ற ஆசிய நாடுகள் புதிதாகப் பிறக்கவில்லை, இழந்த இறைமையை மீட்டன என்று 1969இல் எழுதினார். 1975இல் மறைந்தார், கட்டுரைகள் 2017இல் மீண்டும் தொகுக்கப்பட்டன.

ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. அவர் ஏடுகளில் மன்னரும் கம்பெனிகளும் பேசுகின்றனர், படகோட்டி பேசுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை, கப்பலில் வந்த ஆளுநரும் அதிகாரியும் மசூலாப் படகில் ஏறித்தான் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தனர். அப்படகுகளைச் செலுத்திய மக்கள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் 1829 முதல் இராயபுரத்தில் நிற்கிறது.