நிறுவன அறிக்கைகளும் வரலாற்றுச் சான்றும்: ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தை முன்வைத்து

சோழர் கல்வெட்டுகளைப் பயில்வோர் மெய்க்கீர்த்தியை ஒருவகையாகவும், அதனைத் தொடரும் நிலக்கொடை, எல்லை, வரி விவரங்களை வேறுவகையாகவும் படிப்பர். இவ்வாசிப்பு முறை தொழில்துறை வரலாற்றாய்வுக்கும் பொருந்தும் என்பதே நம் கருத்து.

அமெரிக்காவில் 1929ஆம் ஆண்டுப் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப்பின் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள், பொதுமக்களிடம் பங்கு விற்கும் நிறுவனங்கள் தம் கணக்குகளை வெளியிட வேண்டுமெனப் பணித்தன. 1934இல் நிறுவப்பட்ட பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திடம் அந்நிறுவனங்கள் '10-கே' எனும் ஆண்டறிக்கையையும் '10-கியூ' எனும் காலாண்டறிக்கையையும் அளிக்கின்றன. 1996 முதல் உள்நாட்டு நிறுவனங்கள் அனைத்தும் இவற்றை எட்கர் எனும் மின்தொகுப்பில் பதிவுசெய்ய வேண்டும் என்றாயிற்று. அத்தொகுப்பை எவரும் கட்டணமின்றிக் காணலாம்.

1892இல் தோன்றிய ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் அறிக்கைகளை எடுத்துக்கொள்வோம். பங்குதாரருக்குத் தலைவர் எழுதும் மடல் மெய்க்கீர்த்தி எனில், கணக்குக் குறிப்புகளே கொடைப்பகுதி. மின்உற்பத்திச் சுழலிகளைப் பல்லாண்டு பராமரிக்கும் ஒப்பந்தங்களில், எதிர்காலச் செலவை மதிப்பிட்டே இலாபம் கணக்கிடப்படும். அம்மதிப்பீட்டைக் குறைத்தால், பணம் கைக்கு வருமுன்னரே ஏட்டில் இலாபம் உயரும். வராத தொகை 'ஒப்பந்தச் சொத்து' எனப் பதிவாகும். 2015க்கும் 2017க்கும் இடையில் இச்சொத்து பெருகிவந்ததை அறிக்கைகளை வரிசையாக ஒப்பிடுவோர் காணலாம். ஓர் ஆண்டறிக்கையை மட்டும் படிப்போர்க்கு இது முழுமையாகப் புலப்படாது.

2017 நவம்பரில், ஒரு பங்குக்கான காலாண்டு ஈவுத்தொகை 24 சென்டிலிருந்து 12 சென்டாகக் குறைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. 2018 அக்டோபரில் அது 1 சென்டாகக் குறைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஈவுத்தொகையை நம்பியிருந்த சிறு பங்குதாரர்க்கு இது பேரிழப்பு. 2020 டிசம்பரில் ஆணையம் வெளியிட்ட ஆணையே காரணத்தின் ஒரு பகுதியைத் தெளிவாக்கியது. மின்துறைப் பிரிவின் 2016ஆம் ஆண்டு இலாபத்தில் கால்பங்கும், 2017இன் முதல் மூன்று காலாண்டு இலாபத்தில் ஏறத்தாழப் பாதியும் செலவு மதிப்பீட்டைக் குறைத்ததால் விளைந்தவை என்பதும், இதனை நிறுவனம் முதலீட்டாளர்க்கு விளக்கவில்லை என்பதும் அவ்வாணையின் முடிவு. காப்பீட்டுப் பிரிவு குறித்தும் ஆணையம் குறைகண்டது. குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் நிறுவனம் 200 மில்லியன் டாலர் தண்டம் செலுத்த இசைந்தது.

ஆகவே, சட்டத்தின் கட்டாயத்தால் எழுதப்பட்டது என்பதனாலேயே ஓர் ஆவணம் முழுமையான சான்றாகிவிடாது. அது எழுதியவரின் வாக்குமூலமே. அதனைப் பல ஆண்டுகளின் வரிசையில் வைத்தும், இலாபத்தை ரொக்க வரவோடு ஒப்பிட்டும், பின்னர் வந்த ஆணைகளோடு பொருத்தியும் படிக்கும்போதுதான் அது கூறியதோடு கூறாது விட்டதும் வரலாறாகிறது.