முதுகில் ஏறிய குழந்தை

குழந்தையைச் சுமந்து மலையேறும் பையை, மலையேற்றச் சாமான் விற்பவர்களின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 1805 ஏப்ரலில், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவோடு ஷோஷோனிப் பெண் சகாகவியா புறப்பட்டபோது அவருடைய மகனுக்கு இரண்டு மாதம்கூட நிரம்பவில்லை. ராக்கி மலைகளைத் தாண்டிப் பசிபிக் கரைவரை போய்த் திரும்பினான் அவன். ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனூயிட் பெண்களின் அமௌட்டி மேலங்கியில் முதுகுப்புறமே பையாகத் தைக்கப்பட்டிருக்கும். குழந்தைக்குத் தாயின் உடம்புச் சூடு கிடைக்கும். அங்கியைக் கழற்றாமலே முன்பக்கம் திருப்பிப் பாலும் கொடுக்கலாம். குளிருக்கும் பசிக்கும் ஒரே உடையில் விடை கண்ட இந்தத் தையலுக்கு ஈடான பையை இன்றைய கடைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். 1960களில் டோகோ நாட்டுத் தாய்மார்கள் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டதைப் பார்த்த அமெரிக்கச் செவிலியர் ஆன் மூர், ஊர் திரும்பியதும் தன் தாயாரின் தையல் உதவியோடு செய்த ஸ்னக்லி பைக்கு 1969இல் காப்புரிமை பெற்றார். டோகோ தாய்மார்கள் யாரிடமும் காப்புரிமை கேட்டதில்லை.

இன்றைய மலையேற்றப் பையின் அலுமினியச் சட்டகமாவது புதிதல்லவா என்று கேட்கலாம். உலோகம் புதிது, உண்மைதான். எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் பட்டையும், நடக்கப் பழகிய கனத்த பிள்ளையைத் தூக்குபவருக்குப் பெரிய உதவி. தலை நிற்காத சிசுவுக்கோ அந்தப் பையின் இருக்கை ஆகாது. விறைப்பான சட்டகம் என்ற யோசனையும் பழையதே: வட அமெரிக்கப் பழங்குடிகள் சிசுவைத் துணியில் சுற்றித் தொட்டில் பலகையில் கட்டி முதுகில் சுமந்தார்கள், வேலை வந்தால் பலகையை மரத்தில் சாய்த்து வைத்தார்கள்.