கூரைக்கு மேலே ஒரு துறைமுகம்

துறைமுகத்தை நிர்வகிக்க ஊர்மக்கள் வாக்களித்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கோ தூத்துக்குடித் துறைமுகத்துக்கோ யார் தலைவர் என்பதைத் தில்லி முடிவுசெய்கிறது. பெருந்துறைமுகங்களுக்கான 1963ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கும் பெண்ணின் கையில் அதற்கென ஒரு வாக்கைக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் அந்த வாக்கு இருக்கிறது. அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட துறைமுக மாவட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்கள் உண்டு. அவற்றுள் பெரியது சியாட்டில் துறைமுகம். ஐந்து ஆணையர்கள், நான்காண்டுப் பதவிக்காலம், கிங் கவுண்டி முழுவதும் வாக்காளர்கள். சரக்கு முனையங்கள், சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கும் தளங்கள், மீன்பிடித் துறை, இவற்றோடு சியாட்டில்–டகோமா பன்னாட்டு விமான நிலையமும் இந்த ஐவரின் கீழ் வருகிறது. மக்களிடம் சொத்து வரி வசூலிக்கும் அதிகாரமும் இந்த ஆணையத்துக்கு உண்டு. இத்தனை இருந்தும், அதிபர் தேர்தல் நடக்காத ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும் இந்தத் தேர்தலில் பலர் ஆணையர் பெயர்களைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். பெண் வரலாற்றைத் தேடுகிறவர்கள் இப்படி யாரும் திரும்பிப் பார்க்காத பதவிகளைத்தான் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த ஆணையத்தின் பிறந்த தேதியிலேயே நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. 1910 நவம்பர் 8 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஆண் வாக்காளர்கள் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். ஏறக்குறைய இருவர் ஆதரிக்க ஒருவர் எதிர்த்தார் என்ற அளவிலான வெற்றி அது. எம்மா ஸ்மித் டிவோ போன்றவர்கள் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று கட்டிய இயக்கத்தின் பலன். 1911 பிப்ரவரியில், ஊழலுக்கும் விபச்சார விடுதிகளுக்கும் இடங்கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட சியாட்டில் மேயர் ஹைரம் கில்லைத் திரும்பப் பெறும் வாக்கெடுப்பு நடந்தது. புதிதாக வாக்குப் பெற்ற பெண்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கியதில் பெரும்பங்கு வகித்தார்கள். அதே ஆண்டு துறைமுக மாவட்டச் சட்டம் வந்தது. செப்டம்பர் 5 அன்று கிங் கவுண்டி வாக்காளர்கள் சியாட்டில் துறைமுகத்தை உருவாக்கினார்கள். ஆக, பெண்கள் வாக்குச்சாவடிக்குள் நுழைந்து ஓராண்டு நிறைவதற்குள் உருவான அமைப்பு இது.

அதன் நோக்கமும் எளிமையானது. அதுவரை சியாட்டிலின் கடல்முகம் ரயில்வே நிறுவனங்களின் பிடியில் இருந்தது. எந்தச் சரக்கு எந்தக் கட்டணத்தில் இறங்கும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். கரை பொதுச்சொத்தாக இருக்க வேண்டும், அதை ஆள்கிறவர்கள் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே துறைமுக மாவட்ட இயக்கத்தின் கோரிக்கை. முதல் ஆணையர்கள் மூவர்: ராணுவப் பொறியாளர் ஹைரம் சிட்டென்டன், சுரங்கத் தொழிலாளியாக இருந்து அரசியலுக்கு வந்த ராபர்ட் பிரிட்ஜஸ், சி. ஈ. ரெம்ஸ்பர்க். 1914இல் அவர்கள் திறந்த மீனவர் துறை இன்றும் இயங்குகிறது.

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை. 1910இன் திருத்தம் எல்லாப் பெண்களுக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆங்கிலம் படிக்கவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. வரி செலுத்தாத பூர்வகுடிகளை அது வெளியே நிறுத்தியது. ஆசியாவிலிருந்து குடியேறியவர்களுக்குக் குடியுரிமையே மறுக்கப்பட்டிருந்த காலம் அது. சியாட்டில் கடற்கரையும் டுவாமிஷ் ஆற்றின் கழிமுகமும் எந்த மக்களின் வாழ்விடமாக இருந்தனவோ, அந்த மக்களின் பெண்களைக் கேட்காமலே ‘பொதுக் கரை’ பிறந்தது. ‘பொது’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம், யாரை விட்டுவிட்டு இது பொது என்று கேட்கும் பழக்கத்தைப் பெண்ணியம் நமக்குத் தந்திருக்கிறது.

வாக்களித்த பெண்களுக்கும் அந்த அவையில் இடம் கிடைக்கவில்லை. முதல் பெண் ஆணையரான பேட் டேவிஸ் 1985இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடையில் ஓடியவை 74 ஆண்டுகள். நெய்தல் திணையை ஒவ்வொரு ஆண்டும் பாடம் நடத்துகிறவள் நான். அங்கே பெண் கரையில் நிற்கிறாள். இரங்கல் அவளுக்கு உரிப்பொருள். கடல்மேல் சென்றவனுக்காகக் கலங்குவாள், கழியோடும் புன்னையோடும் பேசுவாள். கரை அவளுடைய துயரத்தின் இடம். அதன் நிர்வாகம் வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் காரியம். நவீனத் துறைமுகமும் அந்த ஏற்பாட்டை வெகுகாலம் மாற்றவில்லை. பளு தூக்குபவர், கப்பல் தலைவர், பொறியாளர், வணிகர் என்று அதன் மனிதர்கள் எல்லாரும் ஆண்களாகவே கற்பனை செய்யப்பட்டார்கள்.

பேட் டேவிஸ் இருபத்துநான்கு ஆண்டுகள் ஆணையராக இருந்தார். பன்னாட்டு வணிகமே அவருடைய அக்கறை. உலக வர்த்தக அமைப்பின் 1999ஆம் ஆண்டு மாநாட்டைச் சியாட்டிலுக்கு வரவேற்றவர்களில் முன்னணியில் நின்றவர் அவர். அந்த மாநாடு வீதிப் போராட்டங்களால் உலகறிந்தது. விமான நிலையத்தின் மூன்றாம் ஓடுபாதைக்கு ஆணையம் ஒப்புதல் தந்ததும், சுற்றுவட்டார ஊர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 2008இல் அது திறக்கப்பட்டதும் அவர் இருந்த காலத்தில்தான். முதல் பெண் வந்தார். அவை அதுவரை எதை முன்னுரிமை என்று கருதியதோ அதுவே முன்னுரிமையாகத் தொடர்ந்தது. இதை அவர்மீது குறையாகச் சொல்லவில்லை. நாற்காலியில் பெண் அமர்வதும், நாற்காலிக்கு முன்னால் வைக்கப்படும் கோப்புகள் மாறுவதும் தனித்தனி நிகழ்வுகள் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கோப்புகளை மாற்ற முயன்ற தேர்தல் 2021இல் நடந்தது. ஹம்தி முகமது, டோஷிகோ கிரேஸ் ஹசேகாவா என்ற இரு பெண்கள் பதவியிலிருந்த ஆணையர்களை எதிர்த்து நின்று வென்றார்கள். ஹசேகாவா ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட சமூகத்தின் வழித்தோன்றல். முகமது சோமாலியாவில் பிறந்து, உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய குடும்பத்தோடு மூன்று வயதில் அகதியாக வந்தவர். வளர்ந்தது விமான நிலையத்தை ஒட்டிய சீடாக் நகரத்தில். சென்னையில் பிறந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான பிரமிளா ஜெயபாலின் தொகுதி அலுவலகத்தில் பணியாற்றியவர். ஆணையத்தில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண். அவர் குறைந்த வித்தியாசத்தில் தோற்கடித்த ஸ்டெபனி பௌமனும் ஒரு பெண்தான். எனவே அந்தப் போட்டியில் கேள்வி ‘பெண்ணா ஆணா’ என்பதாக இருக்கவில்லை. துறைமுகம் யாருடைய வீட்டுக்கு மேலே இயங்குகிறது, அந்த வீட்டிலிருந்து ஒருவர் அவைக்கு வர வேண்டாமா என்பதாக இருந்தது.

அவருடைய பரப்புரையின் முன்னுரிமைகள் மூன்று சொற்களில் அடங்கும்: கூலி, காற்று, ஒலி.

கூலியில் தொடங்குவோம். 2013இல் சீடாக் நகர வாக்காளர்கள் விமான நிலையம், விடுதி முதலான இடங்களின் ஊழியர்களுக்கு மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் என்ற முன்மொழிவை 77 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற்றினார்கள். அப்போது மாநிலக் குறைந்தபட்ச ஊதியம் 9 டாலர் 19 சென்ட். வழக்கு வந்தது. விமான நிலையத்தின் எல்லைக்குள் அதிகாரம் துறைமுகத்துக்கே, நகரத்தின் சட்டம் அங்கே செல்லாது என்று வாதிடப்பட்டது; கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. நகரத்தின் நடுவில் விமான நிலையம் இருக்கிறது, நகரத்தின் மக்கள் அங்கே பெட்டி தூக்குகிறார்கள், கழிவறை துடைக்கிறார்கள், சக்கர நாற்காலி தள்ளுகிறார்கள். ஆனால் நகரத்தின் கூலிச் சட்டம் வாசலோடு நின்றுவிட வேண்டும். 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. துறைமுக ஆணையர் யார் என்பது துடைப்பம் பிடித்தவரின் மாதச் சம்பளத்தைத் தொடும் விஷயம் என்பதை அந்த இரண்டாண்டுகள் காட்டின.

அடுத்தது காற்று. 2019இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விமானங்கள் தரையிறங்கும் பாதைக்குக் கீழே காணப்படும் மிக நுண்ணிய துகள்களைச் சாலைப் போக்குவரத்தின் துகள்களிலிருந்து பிரித்து அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். கடற்பக்கத்திலும் நிலைமை இதற்குக் குறைந்ததில்லை. தொழிற்கழிவுகளால் நஞ்சேறிய டுவாமிஷ் ஆற்றின் கீழ்ப்பகுதி 2001 முதல் நடுவண் அரசின் தூய்மிப்புப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்களில் துறைமுகமும் ஒன்று. குழந்தைக்கு மூச்சிரைத்தால் இரவில் எழுந்து உட்காருகிறவள் பெரும்பாலும் தாய். அவளுடைய அந்த இரவு எந்தத் துறைமுகத்தின் வரவுசெலவிலும் ஏறுவதில்லை.

மூன்றாவது ஒலி. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான். 1985 முதல் விமான நிலையத்தைச் சுற்றி ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் துறைமுகம் ஒலித்தடுப்புச் சன்னல்களும் கதவுகளும் பொருத்திக் கொடுத்தது. அதற்கு ஈடாக, தம் வீட்டுக்கு மேலே விமானங்கள் பறக்கும் உரிமையை வீட்டுக்காரர்கள் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஆண்டுகள் ஓடின. பல வீடுகளில் இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் புகுந்தது, சட்டங்கள் பழுதாயின, பூஞ்சை படர்ந்தது. மறுபடி பொருத்தித் தரப் பணம் கேட்டபோது, நடுவண் விமானப் போக்குவரத்து நிதி ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான் என்ற விதி குறுக்கே நின்றது. சன்னல் காலாவதியாகிறது, பத்திரம் காலாவதியாவதில்லை.

பழுதான ஒலித்தடுப்பைச் சீர்செய்யும் திட்டத்தை முகமது தன் முதன்மைப் பணிகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். அவர் ஆணையத்தின் தலைவராக இருந்த 2024இல் அதற்கான சோதனைத் திட்டத்துக்கு ஆணையம் வழிசெய்தது. பெரிய ஒப்பந்தங்களுக்கும் புதிய முனையங்களுக்கும் நடுவே, ஒரு கிழவியின் படுக்கையறைச் சன்னல் நிகழ்ச்சிநிரலில் இடம் பிடித்தது. வீட்டுக்குள் நடப்பது அரசியல் ஆகாது என்று நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. தூக்கம், மூச்சு, சுவரில் படரும் பூஞ்சை எல்லாம் ‘குடும்பப் பிரச்சினை’. அவை துறைமுகத்தின் பிரச்சினை என்று ஓர் ஆணையர் பேசும்போது அந்தச் சுவர் கொஞ்சம் நகர்கிறது.

கொஞ்சம்தான். விமானங்களின் எண்ணிக்கையையும் பாதையையும் தீர்மானிப்பது ஆணையம் இல்லை. அந்த அதிகாரம் நடுவண் அரசிடம். துறைமுகத்தின் வருமானமோ மேலும் மேலும் பயணிகள் வருவதைச் சார்ந்தது. 2024இல் அந்த நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஐந்து கோடிக்கும் அதிகம். விரிவாக்கத் திட்டங்கள் தொடர்கின்றன. சத்தத்தைக் குறைப்பதாக வாக்களித்து வருகிறவர், சத்தம் பெருகினால் வளரும் நிறுவனத்தின் தலைமையில் அமர்கிறார். இந்த முரணைத் தனி ஒருவரின் நல்ல மனது தீர்க்காது. தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி என்பதால் ஒன்று மட்டும் உறுதி: இந்த முரணைப் பூட்டிய அறையில் வைத்துக்கொள்ள முடியாது. பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, போன தேர்தலில் நீங்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்க அங்கே ஒருத்திக்கு இடம் இருக்கிறது. பதில் பிடிக்காவிட்டால் நான்காண்டில் அவரை வீட்டுக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது. 2021இல் இருவர் அப்படித்தான் போனார்கள்.

1911இல் கேட்கப்பட்ட கேள்வி, கரை ரயில்வே முதலாளிகளுக்கா, மக்களுக்கா என்பது. அதற்கு வாக்குச்சீட்டில் பதில் கிடைத்தது. அந்த ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் சோமாலியாவிலிருந்து வந்த அகதிச் சிறுமி நுழைய நூற்றுப் பத்தாண்டுகள் ஆயின. சன்னல் பழுதான வீடுகளில் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் பலர் இப்போது முதியவர்கள். அவர்களுக்குப் புதுச் சன்னல் எப்போது வரும் என்பதுதான் இந்த வரலாற்றின் அடுத்த வரி.