குத்தகைக்குப் போன திருநெல்வேலிச் சீமை

1755ஆம் ஆண்டு கர்னல் ஹெரான் 500 ஐரோப்பியப் படைவீரர்களோடும் 2,000 சிப்பாய்களோடும் மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கு வந்து இறங்கினார். ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குச் சேர வேண்டிய பணம் தெற்கிலிருந்து ஆண்டுக்கணக்காக வரவில்லை. அதை வசூலித்துக் கொடுப்பதுதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு இடப்பட்ட வேலை. நெல்கட்டும்செவலில் பாளையக்காரர் பூலித்தேவன் கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. பீரங்கியைக் கொண்டுபோய் நிறுத்திய ஹெரான், 20,000 ரூபாய் கொடுத்தால் விலகிப் போவதாகத் துபாஷியை விட்டுப் பேரம் பேசிப் பார்த்தார். ஒரு காசும் பெயரவில்லை. படைக்கே சோற்றுக்கும் சம்பளத்துக்கும் தட்டுப்பாடு வந்துவிட, முகாமைக் கலைத்துக்கொண்டு கிளம்பினார்.

கிளம்புவதற்கு முன் அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். மதுரை, திருநெல்வேலி இரண்டு சீமைகளையும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்குக் குத்தகைக்கு விட்டார். சென்னைக்குத் திரும்பியதும் ராணுவ நீதிமன்றம் கர்னலை விசாரித்தது. லஞ்சம் வாங்கியதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பதவி பறிபோனது. திருநெல்வேலியில் கம்பெனிப் படை முதன்முதலாகக் கால்வைத்த கதை இது. இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல், 1881இல் வெளியான திருநெல்வேலி வரலாற்றில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆங்கிலேய ஆட்சி இந்த மண்ணுக்குக் கிடைத்த வரம் என்று நம்பியவர் அவர் என்பதால், இந்தப் பக்கங்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

நவாபுக்கு இந்தச் சீமையின் மேல் என்ன பாத்தியதை? 1736 வாக்கில் மதுரையின் கடைசி நாயக்க அரசி மீனாட்சியைச் சந்தா சாகிப் ஏமாற்றி ஆட்சியைப் பிடித்தார். 1741இல் மராட்டியர் திருச்சியைக் கைப்பற்றி அவரைச் சிறைபிடித்தார்கள். 1743இல் ஹைதராபாத் நிஜாம் வந்து மராட்டியரை விரட்டினார். அடுத்த ஆண்டு நிஜாம் நியமித்த அன்வருத்தீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் இறந்தார். அவர் மகன் முகமது அலியும் சந்தா சாகிப்பும், ஒருவருக்கு ஆங்கிலேயரும் மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணைநிற்க, 1752 வரை மோதிக்கொண்டார்கள். சந்தா சாகிப் தலை விழுந்தது. ஆம்பூரிலும் திருச்சியிலும் நடந்த சண்டைகளில் யார் ஜெயித்தாரோ அவருக்குத் தாமிரபரணிக் கரையின் நெல் சொந்தம் என்று ஆயிற்று. ஸ்ரீவைகுண்டத்துக் குடியானவரிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமும் அன்று கிடையாது.

அவர் கண்டதெல்லாம் களத்துமேட்டுக்கு வந்து நின்ற ஆட்களைத்தான். கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும் நஞ்சை இது. மருதூர், சுத்தமல்லி, அரியநாயகிபுரம், கன்னடியன் என்று நெடுங்காலத்து அணைக்கட்டுகளின் வாய்க்கால்கள் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தன. மழை பொய்த்தாலும் மேற்குமலை கைவிடாது என்பதால், கரிசல் காட்டுப் பாளையங்களைக் காட்டிலும் இங்கேதான் எல்லார் கண்ணும். கதிர் அறுத்துக் களத்தில் பொலி சேர்ந்ததும் குவியலின் மேல் குறி போடுவார்கள். குறி கலைந்தால் யாரோ கை வைத்ததாக அர்த்தம். பிறகு மரக்காலால் அளவு. 21 மரக்கால் ஒரு கோட்டை. ஊர்த் தொழிலாளர்களின் சுதந்திரம் என்ற பங்கு போக, மிச்சம் மேல்வாரம், குடிவாரம் என்று பிரியும். மேல்வாரம் அரசுக்கு. அந்த அரசின் பெயரால் வந்து நின்றவரோ பெரும்பாலும் குத்தகைதாரரின் ஆள். குத்தகையின் ஆயுள் ஓராண்டோ மூன்றாண்டோ. அதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அடுத்த ஆண்டு வாய்க்காலில் மண் மேடிட்டால் அவருக்கென்ன?

15 லட்சத்துக்கு எடுத்த மாபூஸ்கானால் பணம் கட்ட முடியவில்லை. பாளையக்காரரோடு கைகோத்துத் தம்பிக்கு எதிராகவே திரும்பினார். 1756இல் கம்பெனி சீமையைத் திருநெல்வேலி முதலியார் ஒருவருக்கு மூன்றாண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆண்டுக்கு 11 லட்சம். வரலாற்றாசிரியர் ஓர்ம் அவரை ‘மூடலி’ என்றே எழுதிவிட்டுப் போகிறார். ஒரு சீமையின் வருமானம் ஒரே வருடத்தில் நாலு லட்சம் குறைந்ததென்றால், முதல் தொகை எந்தக் கணக்கிலிருந்து வந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் மாறுபட்டு நிற்பவர் யூசுப்கான். மருதநாயகம் என்று இன்று தமிழர் கொண்டாடும் பனையூர்க்காரர். ஹெரானோடு சிப்பாய்ப் படைத் தலைவராக வந்தவர், பிறகு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஆளுநரானார். பூலித்தேவனின் கோட்டைகளை 1761இல் வீழ்த்தியவரும் அவரே. வசூல் ஒழுங்காக நடந்தது, கள்ளர் பயம் குறைந்தது, கம்பெனிக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. சீமையை இவ்வளவு நன்றாக நடத்துகிற ஒருவர் கம்பெனிக்கும் நவாபுக்கும் எதற்குக் கப்பம் கட்ட வேண்டும் என்ற கேள்வி அவருக்கே எழுந்தது. 1763இல் கொடியைத் தூக்கினார். 1764 அக்டோபர் 15ஆம் தேதி மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். திறமையாக ஆண்டவருக்கு ஆளும் உரிமை இல்லை. உரிமை இருந்தவருக்கு ஆளத் தெரியவில்லை.

நவாபுக்கு நன்றாகத் தெரிந்த வித்தை கடன் வாங்குவது. 1768 வாக்கில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு சென்னைக்கே வந்து உட்கார்ந்தார். போர்ச் செலவு என்று கம்பெனி ரசீது நீட்டும். அந்தத் தொகைக்குக் கம்பெனியின் ஊழியர்களிடமே, சில காலம் ஆண்டுக்கு 20 சதவீதமும் அதற்கு மேலும் வட்டிக்கு, நவாப் கடன் வாங்குவார். ஈடாக ஏதாவது ஒரு சீமையின் வருவாயை எழுதிக்கொடுப்பார். கடன் கொடுத்தவர்கள் கவர்னரின் ஆலோசனை சபையிலும் இருந்தார்கள். நவாபிடம் கறாராக நடந்துகொள்ள வேண்டிய அரசும் நவாபுக்கு வட்டிக்கு விட்டவர்களும் ஒரே ஆட்கள்தான்.

இதில் பால் பென்ஃபீல்டை மிஞ்ச ஆளில்லை. ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கிய சிறிய அதிகாரி, நவாபிடமிருந்தும் தஞ்சாவூரின் விளைச்சலிலிருந்தும் தமக்கு 2,30,000 பவுண்டுக்கு மேல் வர வேண்டும் என்று கணக்குக் காட்டினார். கவர்னர் பிகட் பிரபு அதை ஒப்புக்கொள்ள மறுத்தார். 1776 ஆகஸ்டில் சபையின் பெரும்பான்மையினர் கவர்னரையே கைது செய்தார்கள். காவலில் இருந்தபடியே மறு ஆண்டு அவர் இறந்தார். 1785இல் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டுக் கடன்களைப் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் மணிக்கணக்கில் பேசிய பேச்சு இன்றும் படிக்கப்படுகிறது. ஆனால் அந்தக் கடன்களை விசாரணையின்றி ஏற்பது என்ற அரசின் முடிவை அது அசைக்கவில்லை. வரிக் குத்தகை உலகத்துக்கே பொதுவான நோய்தான். பிரான்சில் விஞ்ஞானி லவாய்சியே 1794இல் கில்லட்டினுக்குப் போனது அவர் வரிக் குத்தகைதாரர்களில் ஒருவராக இருந்ததால். சென்னையில் தலை போனது கணக்குக் கேட்டவருக்கு.

இடையில் 1781 இறுதியில், நவாபின் ஆட்சிப்பகுதியான கர்நாடகத்தின் வருவாயைக் கம்பெனி நேரடியாக எடுத்துக்கொண்டது. 1783 ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லர்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தார். வீரபாண்டிய கட்டபொம்மனின் தந்தை காலம் அது. உள்ளே கிடைத்த 40,000 நட்சத்திர வராகன்களை அங்கேயே படைவீரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்ததாக ஃபுல்லர்டனே எழுதிவைத்திருக்கிறார். வரி பாக்கிக்காக நடந்த படையெடுப்பில் கிடைத்த பணம் வரிக் கணக்கில் ஏறாமலே செலவாகிவிட்டது. 1785இல் வசூல் உரிமையை நவாபிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 1790இல் மறுபடி பிடுங்கினார்கள். 1792 உடன்படிக்கைக்குப் பிறகு பாளையக்காரரின் கப்பத்தைக் கம்பெனியே வசூலிக்கத் தொடங்கியது.

பாளையக்காரர் பக்கமும் கணக்கு சுத்தமாக இல்லை. தேசகாவல், ஸ்தலகாவல் என்று இரண்டு காவல்கள் இங்கே இருந்தன. ஸ்தலகாவல் அந்தந்த ஊருக்கானது. தேசகாவல் ஊர்கள் பலவற்றையும் சேர்த்த பெரிய வட்டாரத்துக்கு. காவல்காரர் களத்தில் நெல்லும் பணமும் வாங்கிக்கொள்வார். பதிலுக்கு மாடோ தானியமோ களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். வாங்குகிற கூலிக்கு இவ்வளவு தெளிவான கடமை வைத்த ஏற்பாடு அன்றைய சீமையில் வேறெதுவும் இல்லை. நவாபோ கம்பெனியோ களவுபோன மாட்டுக்கு ஈடு கொடுத்ததாகக் கேள்வியில்லை.

காலப்போக்கில் இந்த ஏற்பாடும் கெட்டது. பலமுள்ள பாளையக்காரர்கள் ஊர்க் காவலையும் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். கூலி ஏறிக்கொண்டே போனது. கொடுக்காத ஊரில் களவு நடந்தது, களவாடியவர் யாரென்று ஊருக்கே தெரியும். 1799இல் கலெக்டராக வந்த லஷிங்டன் இதை விரிவாக அறிக்கையில் எழுதி, காவலை எடுத்துவிட வேண்டும் என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. பாளையக்காரர் அனைவரையும் குடிமக்களின் பாதுகாவலர்களாக வரைகிற இன்றைய மேடைப்பேச்சு இந்தப் பக்கத்தைத் திறப்பதேயில்லை. ஆனால் கொள்ளையென்று லஷிங்டன் சாடிய அந்த வசூலைக் கம்பெனி ஒழித்துவிடவில்லை. தேசகாவல் கூலியைத் தன் வருவாயோடு சேர்த்துக்கொண்டது.

லஷிங்டனுக்கு முந்திய கலெக்டர் ஜாக்சன். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தால் இந்தப் பெயர் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் பழக்கம். ஆவணங்களில் உள்ள கதையோ படத்தைவிடச் சுவையானது. 1798 மே மாத முடிவில் கட்டபொம்மன் கட்ட வேண்டிய பாக்கி 3,310 வராகன். கிஸ்தி கேட்டு ஜாக்சன் அவரை ராமநாதபுரத்துக்கு வரச் சொன்னார். கட்டபொம்மன் குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சந்திக்கப் பார்த்தார், கலெக்டர் மறுத்துவிட்டார். 23 நாளில் 400 மைல் அலைந்து ராமநாதபுரத்தில் போய் நின்றபோது பாக்கி 1,080 வராகனாகக் குறைந்திருந்தது. பெரும்பகுதியைக் கட்டிவிட்டு வந்தவரை மூன்று மணி நேரம் நிற்க வைத்தே விசாரித்தார் ஜாக்சன். கைதுசெய்யப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கட்டபொம்மனின் ஆட்கள் மோதிக்கொண்டு வெளியேறினார்கள். கோட்டை வாசலில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

அடுத்து நடந்ததுதான் படத்தில் எடுபடாத பகுதி. சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் விசாரணைக் குழு அமைத்தார். கட்டபொம்மன் டிசம்பரில் அதன் முன் நேரில் வந்து நின்றார். குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. பிள்ளையை விடுதலை செய்தார்கள். ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். கம்பெனி ஆட்சியில் ஒரு கலெக்டர் மேல் பாளையக்காரர் ஒருவர் சொன்ன புகார் ஜெயித்தது, அதுவும் கம்பெனியின் சொந்த விசாரணையில்! அந்த ஒரு மாதம் மட்டும் திருநெல்வேலியில் கம்பெனி, அரசு என்ற பெயருக்குப் பொருத்தமாக நடந்துகொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

பத்தே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. கட்டபொம்மன் மற்றப் பாளையக்காரரோடு கூட்டணி சேர்ந்தார். சிவகிரிக்குள் அவர் ஆட்கள் படையோடு நுழைந்தார்கள். லஷிங்டன் அழைத்தும் போகவில்லை. 1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். தப்பிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுக்க, அக்டோபரில் கயத்தாற்றில் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து அவர்கள் முன்னால் தூக்கிலிட்டார்கள். கிஸ்தி கட்டாதது, அழைத்தும் வராதது, சிவகிரிப் படையெடுப்பு, கம்பெனிப் படையை எதிர்த்தது ஆகியவை குற்றங்கள். குற்றம் சாட்டியவரும் தீர்ப்புச் சொன்னவரும் பானர்மன்தான். முந்தைய டிசம்பரில் மூவர் குழுவைப் போட்ட அதே சென்னை நிர்வாகம் இம்முறை குழு எதுவும் போடவில்லை.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களில் எழுப்பினார். மே 24ஆம் தேதி கர்னல் அக்னியூ அதைப் பிடித்தார். ஜூன் 16ஆம் தேதி சிவகங்கை மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டையில் ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு இடம் கொடுத்ததற்காக நவாப் முகமது அலியையும் அது சாடியது. அந்த அறிக்கையின் பசை காய்ந்த ஆறு வாரத்தில், ஜூலை 31ஆம் தேதி, கம்பெனி தேர்ந்தெடுத்த அஸீம் உத் தௌலா கர்நாடகத்தின் ஆட்சியை எழுதிக்கொடுத்துவிட்டு, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைப் படியாகப் பெற்றுக்கொண்டார். அதற்குமுன் வாரிசான அலி உசேனிடம் இதே காகிதத்தை நீட்டியபோது அவர் கையெழுத்துப் போட மறுத்திருந்தார். பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்கள் எட்டையபுரத்துக்கும் மற்ற விசுவாசிகளுக்கும் பிரிந்தன.

ஆட்சி கைமாறியதும் கடன்காரர்கள் வரிசையில் வந்தார்கள். 1785இல் தீர்த்தவை போக, நவாப் தங்களுக்குத் தர வேண்டியது 3 கோடி பவுண்டுக்கு மேல் என்றார்கள். 1805இல் அமைந்த கமிஷன் ஒவ்வொரு பத்திரமாகப் பிரித்துப் பார்த்தது. வேலை முடிய 25 ஆண்டு ஆனது. உண்மைக் கடன் என்று தேறியது ஏறத்தாழ 27 லட்சம் பவுண்டு. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பொய்க் கணக்கு. இதற்கு முந்திய சுற்றில் பர்க் கேட்டது இதே விசாரணையைத்தான். அது நடக்காததால் அந்தப் பத்திரங்களில் எத்தனை பொய் என்று யாரும் எண்ணவில்லை. பணம் மட்டும் திருநெல்வேலி உள்ளிட்ட கர்நாடகச் சீமைகளின் களங்களிலிருந்து போனது.

காவல் மட்டும் சாகவில்லை. தேசகாவலைக் கம்பெனி எடுத்துக்கொண்டாலும், ஊர்க் காவல் பெரும்பாலும் மறவர் கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க நீடித்தது. போலீஸ் ஸ்டேஷன் வந்த பிறகும் மாடு காணாமல் போனால் குடியானவர் முதலில் காவல்காரரைத்தான் தேடினார். துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்டார். 1917இல் எச்.ஆர். பேட் எழுதிய மாவட்ட கெசட்டியர், காவலை அன்றைய நிர்வாகத்துக்குத் தலைவலியாக இருந்த நடைமுறையாகவே விவரிக்கிறது. தாலுகா கச்சேரிக்குக் கிஸ்தியும் காவல்காரருக்குக் காவல் நெல்லுமாக, அதே விளைச்சலிலிருந்து இரண்டு இடத்துக்கு அளந்துகொண்டிருந்தார்கள்.