கணவன் மனைவி கட்டிக் காத்த படக்கூடம்

மலாக்கா மாநிலச் சின்னத்தில் நெல்லி மரமும் சருகுமானும் இருக்கின்றன. வேட்டை நாயை ஆற்றில் உதைத்துத் தள்ளிய சருகுமானைக் கண்டு வியந்துதான் பரமேஸ்வரா இங்கே நகரம் அமைத்தான் என்பது மரபுக்கதை. அதே விலங்கை நாயகனாக்கி, மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமான ‘ஹிக்காயாட் சாங் காஞ்சில்’ படத்தை எடுத்தவர் அரசுத் திரைப்பட நிறுவனமான பிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர். 1978இல் முடிந்த படம் மக்கள் கண்ணில் பட 1983 ஆயிற்று. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் இத்தொழிலின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு வினாடி ஓட 24 சட்டங்கள் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 1,440. உழைப்பு முன்னே போகும், காசு வெகுநேரம் கழித்தே வரும். இந்தக் காத்திருப்பை யார் தாங்கினார்கள் என்று கேட்காமல் அனிமேஷனின் வரலாற்றை எழுத முடியாது. அதைத் தாங்கிய அமைப்புகளில் முதன்மையானது குடும்பம், அதிலும் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்திய படக்கூடம் என்பதே என் கருத்து.

சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் 1996இல் தொலைத்தொடர்புப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியதே இன்றைய மல்டிமீடியா பல்கலைக்கழகம். அதில் படித்த இளைஞர்கள் சிலர் கையில் ஒரு படத்துக்கான கனவு இருந்தது, முதலீடு இல்லை. எண்ணெய், எரிவாயுத் துறையிலிருந்து வந்த புர்ஹானுடின் முகமட் ராட்சியும் அவர் மனைவி ஐனோன் அரிஃபும் அவர்களோடு சேர்ந்து 2005இல் ‘லெஸ் கொப்பாக்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நாட்டின் முதல் முப்பரிமாண அனிமேஷன் திரைப்படமான ‘கெங்’ அரங்குக்கு வந்தது 2009 பிப்ரவரியில். இடைப்பட்ட நான்கு ஆண்டில், படத்துக்கு வழி பார்க்க 2007 நோன்பு மாதத்தில் விட்ட சிறு தொடர்தான் ‘உப்பின் இப்பின்’. படத்தைவிட அந்தத் தொடரே வீடுதோறும் நுழைந்தது. முத்து மாமாவும் அவர் மகன் ராஜுவும் கதை நடக்கும் கம்பத்தின் மனிதர்களாக அதில் நடமாடுவது தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிறு செய்தியல்ல.

படத்தை வரைந்தவர்கள் இளைஞர்களே, தம்பதி பணம் போட்டவர்கள்தானே என்று மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. வரைந்த கைகளின் பெருமையை யாரும் பறிக்கக் கூடாது. ஆனால் 2009இலேயே அவர்களில் சிலர் விலகி, பின்னர் ‘போபோய்போய்’ தந்த அனிமோன்ஸ்தா கூடத்தை அமைத்தார்கள். அதனால் தொடர் நின்றுவிடவில்லை. திறமை இடம் மாறியபோதும் கூடம் குலையாமல் இருந்ததற்குத் தம்பதியின் கூட்டு ஒரு காரணம். வெளிநாடுகளிலும் இதைக் காணலாம். ஜெர்மனியின் பொட்ஸ்டாமில் ஒரு கொட்டகை மாடியில் லோட்டே ரைனிகர் நிழலுருக்களை வெட்டி அசைக்க, கணவர் கார்ல் கோக் கேமராவைப் பார்த்துக்கொள்ள, 1923 முதல் மூன்று ஆண்டு உழைத்து 1926இல் ‘இளவரசர் அக்மத்’ படம் வெளிவந்தது. ஒரு வங்கியாளர் பணம் தந்தார் என்பதும் உண்மையே. பணம் மட்டும் மூன்று ஆண்டு கத்தரிக்கோல் பிடிக்காது. 1940இல் லண்டனில் ஜான் ஹாலாஸ், ஜாய் பேச்சலர் தம்பதி தொடங்கிய கூடம், போர்க்காலம் முழுவதும் அரசுக்கான படங்களைச் செய்து பிழைத்து, 1954இல் ‘விலங்குப் பண்ணை’யைத் தந்தது. இயக்குநர்களாக இருவர் பெயரும் அதில் வருகின்றன.

குடும்பம் என்ற சொல்லுக்குள் பெண்ணின் உழைப்பு ஓசையின்றிக் கரைந்துவிடும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அதை நான் மறுக்கவில்லை. மலாக்காத் தமிழருக்கு அது புதிதும் அல்ல. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட பிறகு இம்மாநிலத்தில் பெருகிய தோட்டங்களில், கணவனும் மனைவியும் விடியுமுன் பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, அடுத்தடுத்த நிரைகளில் பால்மரம் சீவினார்கள். மங்கு துடைத்ததும் ஒட்டுப்பால் பொறுக்கியதும் இருவர் கைகளும்தான். ஆனால் காலனியக் காலத்துக் கூலி விகிதத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. லயத்துக்குத் திரும்பியபின் அடுப்பு வேலை கணக்கிலேயே ஏறவில்லை. இணைந்து உழைக்கும் பழக்கம் நமக்குப் பழையது. அதைச் சமமாகக் கணக்கில் எழுதும் பழக்கம்தான் வரவில்லை. ஜாய் பேச்சலரின் பெயர் திரையில் வந்ததால்தான் இன்று அவரைப் பேச முடிகிறது. தோட்டத்துப் பெண்ணுக்கு அப்படி ஒரு திரை வாய்க்கவில்லை.

மலாக்காவில் இன்று கணினி முன் அமர்ந்து திருமண அழைப்புக்கும் விளம்பரத்துக்கும் எழுத்துகளை அசையவைக்கும் தமிழ்த் தம்பதிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நிறுவனப் பதிவிலும், வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்லிலும், படத்தின் கடைசிச் சட்டத்திலும் இருவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.