கத்தி அலகின் கோணல் நிமிர்த்தல்

கத்தியின் தரத்தை மக்கள் அதன் கூர்மை கொண்டே அளப்பர். ஆயின், கூர்மைக்கு முன்னர் வேண்டப்படுவது நேர்மை. கோணிய அலகு சாணைக்கல்லில் சீராகப் படியாது. ஓரிடம் தேய, மற்றோரிடம் மழுங்கியே நிற்கும். ஜப்பான் நாட்டுச் சக்காய் நகரக் கொல்லர் இதனை நன்குணர்ந்தோராவர்.

ஒசாக்காவுக்குத் தெற்கே, கடலோரத்தில் அமைந்தது சக்காய். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே ஜப்பானுக்குப் புகையிலை வந்தது. இலையை நூல்போல் அரியத் தக்க கத்திகள் தேவைப்பட்டன. இந்நகரத்தார் செய்த புகையிலைக் கத்திகளின் சிறப்புக் கண்டு, பின்னாளில் தொக்குகாவா அரசு அவற்றுக்குத் தன் முத்திரையை வழங்கிற்று.

சக்காய்க் கொல்லர் தேனிரும்பின்மேல் எஃகை வைத்து, உலையிற் காய்ச்சி, அடித்து ஒன்றாக்குவர். எஃகு வெட்டும் விளிம்பாகும்; தேனிரும்பு அதனை உடையாது தாங்கும். ஆனால், அவ்விணைப்பிலேயே இடரும் உண்டு. ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் அலகை நீரில் தோய்க்கும்போது, எஃகின் உள்ளமைப்பு மாறி வன்மையுற்றுச் சற்றே விரிகிறது. தேனிரும்பு அவ்வாறு விரிவதில்லை. ஆதலால் அலகு தேனிரும்பின் பக்கமாகக் குழிந்து கோணுகிறது.

இதே இயல்பு வாளுக்கு அழகாயிற்று. வாட்கொல்லர் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசித் தோய்த்தனர். விரைந்து குளிர்ந்த விளிம்பு விரிய, வாள் முதுகுப்புறமாய் வளைந்தது. பெயர்பெற்ற ஜப்பானிய வாளின் வளைவை மிகுவித்தது இதுவே.

1876இல் மெய்ஜி அரசு, படையினர், காவலர் முதலியோர் நீங்கலாக ஏனையோர் வாள் அணிதலைத் தடை செய்தது. வாட்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். அவருட் சிலர் சமையற் கத்தியும் அரிவாளும் செய்யலாயினர். வாளில் வளைவைத் தந்த அதே விரிவு, கத்தியின் பக்கவாட்டில் தோன்றுங்கால் நீக்க வேண்டிய குற்றமாயிற்று.

அதனை நீக்குவது எங்ஙனம்? வன்மையுற்ற எஃகை ஓங்கி அடித்தால் விரிசல் காணும். ஆகவே, முதலில் அலகை இளஞ்சூட்டில் மீண்டும் காய்ச்சி, அதன் முறியும் தன்மையைத் தணிப்பர். பின்னர் அதனை ஒளிக்கெதிரே பிடித்து, நீளவாட்டில் ஒரு கண்ணால் நோக்குவர். கோணல் புலப்பட்டதும், குழிந்த தேனிரும்புப் பக்கத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுவர். தட்டிய இடம் சற்றே நீள, அலகு நிமிரும். அடி மிகின் கோணல் மறுபுறம் திரும்பும். சாணை பிடிக்கையிலும் உள்ளிறுக்கம் தளர்ந்து அலகு மீண்டும் கோணுவதுண்டு. ஆதலின் தீட்டுவோரும் இடையிடையே நிறுத்தி நிமிர்த்துவர்.

சக்காய்க் கத்தித்தொழிலை ஜப்பான் அரசு 1982இல் மரபுக் கைத்தொழிலாக அறிவித்துச் சிறப்பித்தது. உலை மூட்டுவதையும் சம்மட்டி அடிப்பதையும் கண்டு வியப்போர் பலர். இறுதியில் விழும் இச்சிறு தட்டல்களைக் கவனிப்போர் சிலரே. எஃகின் வன்மை குறையாதிருக்கத் தேனிரும்பு விட்டுக்கொடுக்கிறது. எவ்விடத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கச் செய்வது என்பதை அறிந்த கையே தேர்ந்த கொல்லனின் கை.