எல்லோரும் தேர்ந்தெடுத்த தனித்தன்மை: ஐரோப்பியப் பிராந்தியங்களும் சுகாதாரத் தொழில்நுட்பமும்

ஐரோப்பிய ஒன்றியம் 2013 டிசம்பர் 17 அன்று நிறைவேற்றிய 1303/2013 எண் கொண்ட ஒழுங்குமுறை நூறு பக்கங்களைத் தாண்டும் வறண்ட ஆவணம். அதன் பின்னிணைப்பில் இருந்த ஒரு நிபந்தனை அடுத்த ஏழாண்டுகளுக்கு ஐரோப்பாவின் மூலைமுடுக்கெல்லாம் பேசப்பட்டது. ஆராய்ச்சிக்கும் புத்தாக்கத்துக்கும் ஐரோப்பியப் பிராந்திய வளர்ச்சி நிதியத்திலிருந்து பணம் பெற வேண்டுமானால், எந்தத் துறைகளில் தனித்துச் சிறக்கப்போகிறோம் என்பதை நாடோ பிராந்தியமோ முன்கூட்டியே வகுத்துக் காட்ட வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. இதற்கு இடப்பட்ட பெயர் ‘ஸ்மார்ட் ஸ்பெஷலைசேஷன்’. தமிழில் ‘அறிவார்ந்த சிறப்பாக்கம்’ எனலாம். ‘ஸ்மார்ட்’ என்ற அடைமொழி கைப்பேசிக்கும் நகரத்துக்கும் மின்மானிக்கும் ஒட்டப்பட்ட காலம் அது. கொள்கை மட்டும் எப்படித் தப்பும்?

2014–2020 காலகட்டத்தில் 120க்கும் மேற்பட்ட உத்திகள் எழுதப்பட்டன. ஏறத்தாழ 4,000 கோடி யூரோ அவற்றைச் சார்ந்திருந்தது. ஒவ்வொரு பிராந்தியமும் பிறவற்றிலிருந்து வேறுபட்ட ஒன்றைக் கண்டடைய வேண்டும் என்பதற்காகவே உருவான இக்கொள்கையில், எரிசக்தி, உணவு, தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றோடு சுகாதாரமும் உத்திக்கு உத்தி திரும்பத் திரும்ப இடம்பெற்றது. தனித்தன்மையைக் கேட்டபோது பலரும் ஒரே விடையைத் தந்தனர். இதன் காரணத்தை அறிய, கருத்து பிறந்த இடத்துக்குச் செல்ல வேண்டும்.

2005ஆம் ஆண்டில் ஆராய்ச்சித் துறைக்கான ஐரோப்பிய ஆணையர் யானெஸ் பொடோச்னிக், ‘வளர்ச்சிக்கான அறிவு’ என்ற பெயரில் பொருளியல் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தார். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே விரிந்துகொண்டிருந்த உற்பத்தித்திறன் இடைவெளியே அக்குழுவின் கவலை. டொமினிக் ஃபொரே, பால் டேவிட், ப்ரான்வின் ஹால் ஆகிய மூவர் 2009இல் எழுதிய சில பக்கக் குறிப்பில் இக்கருத்து வடிவம் பெற்றது. பிராந்தியங்கள் யாவும் உயிர்த்தொழில்நுட்பம், நானோ, தகவல் தொழில்நுட்பம் என ஒரே பட்டியலைப் பின்பற்றிச் சிறு தொகைகளைச் சிதறடிக்கின்றன என்பது அவர்களின் நோயறிதல். எந்தத் துறை தமக்கு உரியது என்பதை அமைச்சரவையோ ஆலோசனை நிறுவனமோ முடிவுசெய்யலாகாது. அவ்விடத்தில் தொழில் செய்வோர், ஆய்வாளர்கள், கைவினை அறிந்தோர் ஆகியோர் முயன்றும் தவறியும் அதைக் கண்டறிய வேண்டும். அரசு அந்தத் தேடலுக்குத் துணைநிற்க வேண்டும். இதையே ‘தொழில்முனைவுக் கண்டடைதல்’ என்றனர்.

அக்குறிப்பில் பிராந்தியம் மையமாக இல்லை. துறைகளைப் பற்றிய சிந்தனையாகவே அது தொடங்கியது. அதே 2009இல் இத்தாலியப் பொருளியலாளர் ஃபாப்ரிசியோ பார்க்கா, ஒன்றியத்தின் பிராந்தியக் கொள்கை அந்தந்த இடத்தின் இயல்பிலிருந்து எழ வேண்டும் என வாதிட்டு அறிக்கை அளித்தார். இரு ஓடைகளும் பிரஸ்ஸல்ஸில் கலந்தன. 2011இல் பிராந்தியங்களுக்கு வழிகாட்ட ஸ்பெயினின் செவில் நகரில் ஒரு தளம் அமைக்கப்பட்டது. குறிப்பு வெளிவந்த நான்கே ஆண்டுகளில் கருத்து சட்டமாயிற்று. கொள்கைகளின் வரலாற்றில் இது வியப்பூட்டும் வேகம். கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்கும் அவகாசம் யாருக்கும் கிடைக்கவில்லை என்றும் சொல்லலாம்.

காலக்கெடு நெருங்க, கண்டடைதல் எழுத்துப்பணியாகச் சுருங்கியது. ஏறக்குறைய எல்லாப் பிராந்தியத்திலும் ஒரு பெரிய மருத்துவமனை உண்டு. பல இடங்களில் மருத்துவக் கல்லூரியும் உண்டு. முதியோர் எங்கும் பெருகிவந்தனர். ஒன்றியத்தின் ஆராய்ச்சித் திட்டமான ‘ஹொரைசன் 2020’ தன் சமூக அறைகூவல்களின் பட்டியலில் சுகாதாரத்தையும் மக்கள்தொகை மாற்றத்தையுமே முதலில் வைத்திருந்தது. சுகாதாரத்தை எழுதினால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். போலந்தின் தேசியப் பட்டியலில் ‘நலமான சமுதாயம்’ முதலிடம் பெற்றது. அந்நாட்டின் வடகிழக்கே உள்ள பொட்லாஸ்கியே மாகாணம் உணவு, உலோகத்தொழில், படகு கட்டுதல் ஆகியவற்றோடு மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்டது. இவற்றுள் படகுதான் அம்மண்ணின் அடையாளத்தைச் சொல்கிறது. எனினும் மருத்துவமும் வெறுங்கையில் எழுதப்பட்டதன்று. எலும்பியல் உள்வைப்புகள் செய்யும் தொழிலும் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமும் அங்கே இருந்தன. ஆகவே, ‘சுகாதாரம்’ என்று எழுதியதைக் குறையாகக் கொள்வதைவிட, அந்த ஒரு சொல்லின் கீழ் எத்தனை வேறுபட்ட வரலாறுகள் ஒளிந்திருந்தன எனப் பார்ப்பதே பயனுடையது. இரண்டு இடங்களின் கதை இதைத் தெளிவாக்கும்.

முதலாவது, வடஸ்பெயினின் பாஸ்க் நாடு. மக்கள்தொகை சுமார் 22 லட்சம். இரும்பும் கப்பலும் அதன் பழைய செல்வம். 1980களில் அவை சரிந்தபோது வேலையின்மை கடுமையாயிற்று. பில்பாவோவின் எவுஸ்கால்துனா கப்பல் கட்டும் தளம் தொழிலாளர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் மூடப்பட்டது. 1979இல் தன்னாட்சிச் சட்டம் கிடைத்திருந்தது; 1981இல் வரியைத் தானே வசூலிக்கும் பழைய உரிமையும் மீண்டது. இந்த உரிமையை மறந்துவிட்டு பாஸ்க் நாட்டின் புத்தாக்கக் கொள்கையைப் புகழ்வோர் பலர். பணம் கையில் இருந்ததால்தான் 1981இலேயே தொழில் வளர்ச்சி முகமை ஒன்றை அமைக்கவும், 1985இல் சமூதியோவில் ஸ்பெயினின் முதல் தொழில்நுட்பப் பூங்காவைத் திறக்கவும், 1990களில் தொழில் திரள்களை வளர்க்கவும் முடிந்தது.

இவையெல்லாம் இயந்திரத் தொழிலைப் புதுப்பித்த முயற்சிகள். 2002இல் வந்த ‘பயோபாஸ்க்’ வேறு வகையானது. உயிரியல் தொழில் அநேகமாக இல்லாத ஓரிடத்தில் அதை உண்டாக்க அரசு துணிந்தது. 2005இல் பில்பாவோவுக்கு அருகே சிக் பயோகூனே, அடுத்த ஆண்டு சான் செபஸ்தியானில் சிக் பயோமாகூனே என இரு ஆய்வு மையங்கள் எழுந்தன. 2014இல் அறிவார்ந்த சிறப்பாக்க உத்தி எழுதப்பட்டபோது, மேம்பட்ட உற்பத்தி, எரிசக்தி ஆகியவற்றுக்கு அடுத்து உயிரறிவியலும் சுகாதாரமும் மூன்றாம் முன்னுரிமையாயின. முதல் இரண்டும் தொழிற்சாலையிலிருந்து பிறந்தவை. மூன்றாவது ஆய்வகத்திலிருந்தும் அரசின் விருப்பத்திலிருந்தும் பிறந்தது. ஃபொரேயின் கோட்பாட்டைக் கண்டிப்பாகப் பொருத்தினால் அது தேர்வில் தேறாது. ஆனால் கோட்பாட்டின் பெயர் பிறக்கும் முன்பே தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுமையாகச் செலவிட்ட ஓர் அரசு, புதிய நிபந்தனை வந்தபோது பழைய வேலையையே புதிய பெயரில் காட்டியது.

பாஸ்க் கதையில் ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்காத பகுதி ஒன்றுண்டு. 2009 முதல் 2012 வரை சுகாதாரத் துறைப் பொறுப்பில் இருந்த ரஃபயேல் பெங்கோவா, 2010இல் நாட்பட்ட நோய்களுக்கான உத்தியை வெளியிட்டார். நீரிழிவு, இதயச் செயலிழப்பு, மூச்சுநோய் ஆகியவற்றோடு பல்லாண்டுகள் வாழும் முதியோருக்கு, திடீர் நோய்களுக்காக வடிவமைக்கப்பட்ட மருத்துவமனை பொருந்தாது என்பதே அதன் தொடக்கப்புள்ளி. மக்கள்தொகை முழுவதையும் நோய்ச்சுமையின் அடிப்படையில் வகைப்படுத்தினர். மின்னணு மருத்துவப் பதிவேட்டை ஒருங்கிணைத்தனர். வீட்டிலிருந்தே நோயாளியைக் கண்காணிக்கும் முயற்சிகள் தொடங்கின. கீழ்நிலை மருத்துவர்களும் செவிலியர்களும் தத்தம் இடத்தில் புதிய முறைகளை முன்மொழிய ஊக்குவிக்கப்பட்டனர். தொழில்முனைவுக் கண்டடைதல் எங்கேனும் முழுப்பொருளில் நிகழ்ந்தது எனில், அது தொழில்துறை அலுவலகத்தைவிட ஒசாகிதெட்சா எனும் அந்தப் பொதுச் சுகாதாரச் சேவைக்குள்தான் எனத் துணிந்து கூறலாம். ஆனால் அது ‘சுகாதாரக் கொள்கை’ என்ற கோப்பில் இருந்தது. ‘புத்தாக்கக் கொள்கை’ என்ற கோப்பை மட்டும் படித்தவர்கள் கண்ணில் படவில்லை.

பாஸ்க் அரசு இல்லாததை உண்டாக்கியது என்றால், இரண்டாவது இடமான ஔலுவில் இருந்தது உடைந்தபின் அதன் துண்டுகளிலிருந்தே சுகாதாரத் தொழில்நுட்பம் உருவாயிற்று. ஹெல்சிங்கிக்கு வடக்கே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில், பனி சூழ்ந்த ஃபின்லாந்து நகரம் அது. 1958இல் அங்கே பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1974இல் அரசு ஆய்வு நிறுவனத்தின் மின்னணு ஆய்வகம் வந்தது. 1982இல் நார்டிக் நாடுகளின் முதல் தொழில்நுட்பக் கிராமம் தொடங்கியது. வானொலி அலைத் தொழில்நுட்பத்தில் நோக்கியா அந்நகரை உலகறியச் செய்தது.

அதே மண்ணில், அருகிலுள்ள கெம்பெலேயில், 1977இல் செப்போ சாய்னாயகங்காஸ் என்ற பேராசிரியர் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். பனிச்சறுக்கு வீரர்களின் இதயத்துடிப்பை ஓடும்போதே கம்பியின்றி அளக்கும் கருவிதான் அவர் இலக்கு; 1982இல் அது சந்தைக்கு வந்தது. வானொலிப் பொறியியலும் நீண்ட பனிக்காலமும் விளையாட்டும் ஒருங்கே இருந்த இடத்தில்தான் அப்படியொரு கருவி தோன்ற முடியும். எந்த உத்தி ஆவணமும் அதை முன்னறிந்து எழுதவில்லை.

இன்னொரு செல்வம் அமைதியாகச் சேர்ந்துகொண்டிருந்தது. வடஃபின்லாந்தில் 1966இல் பிறந்த 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தாயின் கருக்காலம் முதலே பின்தொடரும் ஆய்வு ஔலு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. குறைப்பிரசவமும் பச்சிளங்குழந்தை இறப்பும் அன்றைய கேள்விகள். அந்தக் குழந்தைகளின் உடல்நலத் தரவு பல பத்தாண்டுகளாகத் திரண்டு, பின்னாளில் அந்நகரின் சுகாதார ஆய்வுக்கு அடித்தளமாயிற்று.

2011க்குப் பின் நோக்கியா சரிந்தது. வேலையிழந்த பொறியாளர்கள் சொந்தமாகத் தொழில் தொடங்க, ‘பிரிட்ஜ்’ திட்டத்தின் வழி நிறுவனமே ஒருவருக்கு 25,000 யூரோ வரை உதவியது. கைப்பேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்ட் 2014இல் ஔலுவின் ஆய்வுப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. உணரிகளையும் குறைமின் வானொலியையும் கைவிரல்போல் அறிந்த பொறியாளர்கள் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தனர். விரலில் அணிந்து உறக்கத்தை அளக்கும் வளையத்தைச் செய்த ஔரா நிறுவனம் 2013இல் அந்நகரில்தான் தொடங்கப்பட்டது. நகராட்சி, பல்கலைக்கழகம், பல்கலைக்கழக மருத்துவமனை, நிறுவனங்கள் ஆகியவை ‘ஔலுஹெல்த்’ என்ற கூட்டமைப்பில் இணைந்தன. அதன் மிகச் சிறந்த ஏற்பாடு சோதனைக்கூடங்களே. புதிய கருவி செய்பவர் அதை மருத்துவமனையின் உண்மையான அறையில், செவிலியர் கையில் கொடுத்துப் பார்க்கலாம். பல நேரங்களில் செவிலியரின் ஒரு வாக்கியம் ஆறு மாத வடிவமைப்பைக் கலைத்துப்போடும்; முதலீட்டாளர் பணம் வருவதற்கு முன் அது நிகழ்வது நல்லது.

இவ்விரு இடங்களிலும் பொதுவானது, பொது மருத்துவமனை வெறும் வாடிக்கையாளராக நில்லாமல் தேடலில் பங்கேற்றது. சுகாதாரத் தொழில்நுட்பம் இயந்திரக் கருவி போன்றதன்று. ஐரோப்பாவில் அதை வாங்குவதில் பெரும்பங்கு அரசுடையது, அனுமதிப்பது ஒன்றியத்தின் சட்டம், பயன்படுத்துவோர் நோயாளிகள். மூன்றில் முதலாவதை மட்டுமே பிராந்தியம் ஓரளவு தொடமுடியும். பிரான்ஸில் தொழிற்சாலைத் தர சிலிக்கோனால் மார்பக உள்வைப்புகள் செய்யப்பட்ட மோசடி 2010இல் வெளிப்பட்டபின், மருத்துவச் சாதனச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 2017இல் இயற்றப்பட்ட அந்த ஒழுங்குமுறை 2021 மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. தாமே சான்றளித்துச் சந்தைக்குக் கொண்டுவரப்பட்ட பல மருத்துவ மென்பொருள்களுக்கு வெளி அமைப்பின் சான்று தேவைப்பட்டது. சான்றளிக்கும் அமைப்புகளோ குறைவு; காத்திருப்பு நீண்டது; 2023இல் பழைய சாதனங்களுக்கான காலக்கெடுவை 2027க்கும் 2028க்கும் தள்ளிவைக்க நேர்ந்தது. சட்டம் தவறன்று, அந்தப் பெண்களுக்கு நேர்ந்தது மீண்டும் நேரலாகாது. ஆனால் பத்துப் பேர் கொண்ட நிறுவனத்தைப் பிராந்திய நிதியால் வளர்த்த அதே ஒன்றியம், அந்நிறுவனம் வாசலைக் கடக்கும் செலவையும் உயர்த்தியது. இரு துறைகளும் ஒன்றையொன்று கலந்தாலோசித்தற்கான தடயம் உத்தி ஆவணங்களில் அரிது.

கிறிஸ்டீன் ஆட்டன், மிகேல் லண்டபாசோ, கெவின் மார்கன் ஆகியோர் 2002இலேயே ஒரு முரணைச் சுட்டினர். புத்தாக்க நிதி மிகுதியும் தேவைப்படும் பிராந்தியங்களுக்கே அதைச் செரித்துக்கொள்ளும் திறன் குறைவு என்றனர். அறிவார்ந்த சிறப்பாக்கம் அம்முரணைத் தீர்க்க வந்தது. பல இடங்களில் அதன்மேல் இன்னொரு தாளை அடுக்கியது. 2021–2027 காலகட்டத்தில் நிபந்தனையின் சாய்வு மாறியது. உத்தியை ஒருமுறை எழுதி முடிப்பது போதாது. அதை நடத்தும் நிர்வாகம், கண்காணிப்பு, கண்டடைதல் ஆகியவை காலம் முழுதும் செயல்பட வேண்டும் எனக் கேட்கப்பட்டது. இது உண்மையான திருத்தம்.

2025 ஜூலை 16 அன்று ஐரோப்பிய ஆணையம் 2028இல் தொடங்கும் வரவுசெலவுத் திட்டத்தை முன்மொழிந்தது. பிராந்திய நிதியையும் வேளாண் நிதியையும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே திட்டத்துக்குள் இணைப்பது அதன் கருத்து. பிராந்தியங்கள் எதிர்த்தன. வரியைத் தானே வசூலிக்கும் பாஸ்க் நாடு எந்தப் பெயரிலும் தன் ஆய்வு மையங்களுக்குப் பணம் ஒதுக்கிக்கொள்ளும். பொட்லாஸ்கியே தன் படகுகளுக்காகவும் எலும்பு உள்வைப்புகளுக்காகவும் வார்சாவிடம் வாதாட வேண்டியிருக்கும்.